கல்லைப் பற்றிய கதை

— ...தொடலாம் தம்பி, பயப்பிடாதேங்கோ. எண்ணூறு வருசமா எல்லாரும் தொட்ட கல்லுத்தான்.

— நீங்கள் தமிழோ? நான் வெள்ளைக்காரர்தான் இருப்பினம் எண்டு...

— யாழ்ப்பாணம். ஞானமலர். சனிக்கிழமையில வந்து பூ வைக்கிறனான். ஆரும் வந்தா இந்த வேதக்கோயிலைக் காட்டுவன். வாறது குறைவு.

— நான் ரதீசன். ஹவுன்ஸ்லோவில இருந்து... சும்மா பாப்பம் எண்டு வந்தனான். இதிலதான் ஞானஸ்நானம் குடுக்கிறதோ?

— ஓம், இதுதான் தொட்டி. விளிம்பில ரெண்டு ஓட்டை இருக்கு, பாருங்கோ. அந்தக் காலத்தில மூடி போட்டுப் பூட்டி வச்சவை.

— தண்ணியையோ?

— மந்திரம் செய்யக் களவெடுப்பினமாம்!

— சரி, அக்கா... நான் ஒண்டு கேக்க...

— பொறுங்கோ, முக்கியமானதை இன்னும் சொல்லேல்லை. இஞ்ச இங்கிலாந்தில ராசாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை நடக்கேக்க, பட்டாளத்தார் வந்து இதைப் பிரட்டி வெளியில எறிஞ்சு போட்டினம். பக்கத்துத் தோட்டக்காரன் தூக்கிக்கொண்டு போயிட்டான். பிறகு கனகாலம் மாடு தண்ணி குடிச்சது இதிலதான்.

— ஒருத்தரும் தேடேல்லையோ?

— இல்லை. பிறகு வந்த ஒரு பாதிரியார் அந்த வழியால நடக்கேக்க தற்செயலாக் கண்டவர். இந்தப் பக்கம் உடைஞ்சிருந்தது. சீமெந்து பூசிக் கிடக்கு, பாருங்கோ.

— ம்...

— தூணையும் காட்டுறன், வாங்கோ. அதில பழைய...

— அக்கா. நாளைக்கு இஞ்ச ஒரு ஞானஸ்நானம் இருக்கெல்லோ?

— ஏன் கேக்கிறீங்கள்?

— வாசல்ல நோட்டீஸ் பாத்தனான்.

— அதுக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுறேல்லையே, தம்பி. இருங்கோ. இந்த மர வாங்கில இருங்கோ.

— பிள்ளை என்ர மகன். நாலு வயசு. தாய் மேனுஷாவும் நானும் பிரிஞ்சிட்டம். அவ இப்ப ஒரு வெள்ளைக்காரரைக் கட்டியிருக்கிறா. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வேற ஆக்கள் சொல்லித்தான் தெரியும்.

— ம்.

— தகப்பன் மறுத்தா பாதிரியார் செய்ய மாட்டாராம். அதைச் சொல்லத்தான் வந்தனான். ஷிப்டையும் விட்டுட்டு.

— அவர் உள் அறையில இருக்கிறார். கூப்பிடட்டோ?

— பொறுங்கோ... சாமி ஆரா இருந்தாலும் பரவாயில்லை, அக்கா. பேரை மாத்திப்போடுவினம். நான் வச்ச பேர். என்னட்ட இருந்து அவனுக்குப் போனது அது ஒண்டுதான்.

— மாத்தேல்லை. ஆரணன் எண்டுதான் கூப்பிடப் போறார்.

— உங்களுக்கு என்னெண்டு அவன்ர பேர் தெரியும்?

— பாதிரியாருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அவருக்கு 'ண' வரேல்லை. 'ஆரனன், ஆரனன்' எண்டு நிண்டார். விட்டனானே? தேத்தண்ணி குடிக்கேக்கயும் பழக்கினனான்.

— சிரிப்புக் காட்டாதேங்கோ, அக்கா...

— உண்மைதான். இப்ப வடிவாச் சொல்லுறார்.

— அவன்... தமிழ் கதைக்கிறவனோ? இப்பவும்?

— வியாழக்கிழமையில சின்னப் பிள்ளையள் விளையாட இஞ்ச வருவினம். அவனும் வருவான். நான் சப்பாத்துப் போடச் சொன்னா, 'எனக்கு ஏலாது, நீங்கள் போட்டு விடுங்கோ' எண்டு காலை நீட்டுவான். அழாதேங்கோ, தம்பி.

— இல்லை... வீட்டில போனுக்குள்ள மட்டும்தான் தமிழ் கேக்குது எனக்கு. அறையில ஒருத்தரும் இல்லை. அவனுக்காவது கதைக்க ஆள் இருக்கு.

— இப்ப சொல்லுங்கோ. பாதிரியாரைக் கூப்பிடட்டோ?

— வேண்டாம். நடக்கட்டும். நான் கடைசி வாங்கில வந்து இருக்கலாமோ? மேனுஷா ஏதும்...

— கோயில் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கும். அவவோட நான் கதைக்கிறன்.

— தொட்டியடியில அவனை ஆர் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்? அந்த மனிசன்ர தாயோ?

— இல்லை, தம்பி... நான். மேனுஷா என்னைத்தான் ஞானத்தாயா நிக்கச் சொல்லிக் கேட்டவ. நீங்கள் கதவடியில நிக்கேக்கயே எனக்கு விளங்கிட்டுது, அவன்ர நெத்தி அப்பிடியே. என்ர புருசன் செத்த பிறகு, எனக்கும் எண்டு ஒரு பிள்ளை கிடைச்சிருக்கு. அதை மறிச்சுப் போடுவீங்களோ எண்ட பயத்திலதான், உங்களைக் கதைக்க விடாமல் இந்தக் கல்லைப் பற்றியே சொல்லிக்கொண்டு நிண்டனான்.