தாய்க்குப்பியில் இல்லாத மரபணு

என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் உள்ளபடி. வயது முப்பத்துநான்கு. குழந்தைகளுக்கான நல்ல பாக்டீரியாப் பொடி தயாரிக்கும் தொழிற்சாலையில், அந்தப் பாக்டீரியாவின் மரபணு வரிசை முழுவதையும் படித்து, ஆபத்தில்லாதது என்று சான்று தருவது என் வேலை.

பாக்டீரியாவின் மூல மாதிரி உறைபெட்டியில் ஒரு குப்பியில் இருக்கிறது. தாய்க்குப்பி என்போம். அதிலிருந்து ஒரு தொட்டியில் வளர்த்து, பிறகு தொட்டியிலிருந்தே அடுத்த தொட்டிக்கு எடுத்து ஊற்றிக்கொண்டே போவது எங்கள் வழக்கம். சோதனைக்கு என்னிடம் வருவது மட்டும் எப்போதும் தாய்க்குப்பிதான். உறைபெட்டியை விட்டு நகராதது எப்படிக் கெடும்? இந்த முறையும் அதைப் பார்த்தே சான்று கொடுத்தேன்.

அதன் பின்னர் என் தங்கைக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. வார்டு டாக்டர் எங்கள் பொடியையே எழுதிக்கொடுத்தார். "அக்கா, நீ பாத்ததுதானே? குடுக்கலாம்ல?" என்று தங்கை கேட்டாள். "கண்ண மூடிக்கிட்டுக் குடு" என்றேன்.

அதன் பின்னர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்து ஏற்றியும் இறங்கவில்லை. தங்கையிடமிருந்து ஒரு பாக்கெட்டை வாங்கிப்போய், யாரிடமும் சொல்லாமல் மரபணு படிக்கும் இயந்திரத்தில் ஏற்றினேன். தாய்க்குப்பியில் இல்லாத ஒரு மரபணு பொடியில் இருந்தது. குழந்தைக்கு ஏற்றிக்கொண்டிருந்த அதே மருந்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணு. கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டில் அது இருந்தது. ஏதோ ஒரு தொட்டியில் வந்து ஒட்டியிருக்க வேண்டும்.

அதன் பின்னர் உற்பத்தி மேலாளரிடம் போய்ச் சொன்னேன். எதற்கும் 'ஒண்ணும் ஆகாது' என்பார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். "குப்பி சுத்தமா இருக்குல்ல? விதிப்படி அதத்தானே பாக்கணும்? ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பின்னாலேயே வந்து ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பின்னர் தங்கைக்குப் போன் செய்து, பொடியை நிறுத்தச் சொன்னேன். "நம்ம பிள்ளைக்கு நிறுத்திட்டேன்க்கா. மத்த பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்கன்னா நர்ஸ் கேக்க மாட்டேங்கறாங்க. உங்க அக்கா குடுத்த சான்றுதானேங்கறாங்க" என்று அழுதாள். நேராக இங்கே, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு வந்தேன்.

முதலில் வார்டுக்குப் பேசுங்கள், வாக்குமூலத்தில் கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். கையெழுத்தான பிறகே பேச முடியும் என்றார். அடுத்த வேளை பொடி புகட்டும் நேரம் நெருங்குகிறது. வாசித்துக் காட்ட வேண்டாம், சொன்னது அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.