பங்காக் கயிறு

அத்தை: எனக்குச் சரியா ஞாபகம் இல்ல... டிக்கெட் குடுக்கிற இடம் இந்தப் பக்கமா, அந்தத் தூணுக்குப் பின்னாடியா?

மருமகள்: ஞாபகமா? நீங்க இங்க வந்திருக்கீங்களா அத்தை?

அத்தை: பள்ளிக்கூடத்துல கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு. அது வேற வீடோ என்னவோ... என் ஞாபகத்தை நானே நம்புறதில்ல.

மருமகள்: பையைக் குடுங்க. தோள்பட்டை வலிக்குதுன்னு நேத்துகூடத் தைலம் தேச்சுக்கிட்டீங்க. என்னதான் பண்ணீங்க?

அத்தை: போர்வை பிழிஞ்சேன். அதை விடு. லீவு நாள்ல படுக்கையை விட்டு எந்திரிக்காதவ, காலங்காத்தால துரை வீட்டைப் பார்க்கக் கிளப்பிட்டு வந்திருக்கே. என்ன விசேஷம்?

மருமகள்: சும்மாதான். எப்பப் பார்த்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கீங்களேன்னு...

அத்தை: சும்மாவா? சரி.

வழிகாட்டி: வணக்கம்மா. வாங்க. நான்தான் இந்த வீட்டைச் சுத்திக் காட்டுறவன். இதுல குடியிருந்தது வரி வசூல் பண்ற வெள்ளைக்காரத் துரை. அவரும் துரைசாணியும் மட்டும்தான்.

அத்தை: ரெண்டு பேருக்கா இத்தனை அறை? பேசிக்க மாட்டாங்களோ?

வழிகாட்டி: அது... இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா. இப்படி வாங்க, இது சாப்பாட்டு அறை. அங்க ஒரு...

அத்தை: படி இருக்கு, பார்த்து வா.

மருமகள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தை: பழைய வீடுன்னா ஒரு படி எங்கயாவது காலை வாரத்தானே செய்யும். அடேயப்பா, எத்தனை நாற்காலி! நம்ம வீட்டுல இருக்கிறதே நாலு. அதுல ரெண்டுல துணி உக்காந்திருக்கு.

மருமகள்: மானத்தை வாங்காதீங்க அத்தை.

அத்தை: தம்பி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு. நான் அந்தத் துரைசாணி படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கிறேன். மூஞ்சியைப் பாரு, எதையோ சொல்ல வந்து முழுங்கின மாதிரி.

வழிகாட்டி: ...இன்னும் அவங்ககிட்டச் சொல்லலியா?

மருமகள்: மெதுவா! என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க.

வழிகாட்டி: இன்னிக்குச் சொல்லிடுவீங்கதானே?

மருமகள்: தெரியல. அவங்க முகத்தைப் பார்த்தா வாய் வர மாட்டேங்குது. உங்களை முதல்ல பார்க்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன்.

வழிகாட்டி: நான் ஒண்ணு சொல்லணும்...

மருமகள்: இப்ப வேணாம். வர்றாங்க.

அத்தை: என்ன தம்பி, அடுத்தது என்ன?

வழிகாட்டி: அடுத்தது... துரையோட அறைம்மா. மேல தொங்குது பாருங்க, சட்டத்துல துணி கட்டி? அதுதான் பங்கா. கரண்ட் இல்லாத காலத்து விசிறி. கயிறு இந்தச் சுவத்து ஓட்டை வழியா வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்க ஒரு ஆள் உக்காந்து நாள் பூரா இழுக்கணும்.

மருமகள்: உள்ளேயே இருந்து இழுத்தா என்ன?

வழிகாட்டி: இவங்க பேசுறது அவன் காதுல விழக் கூடாதாம். ஆனா அந்த ஓட்டை வழியா எல்லாம் கேக்கும். வர்றவங்களை இழுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே. இந்த நாற்காலி புதுசா செஞ்சது, உக்காரலாம்.

மருமகள்: நான் இழுக்கிறேன். உங்களுக்குத் தோள் வலி.

அத்தை: அப்போ நான் துரைசாணி. தம்பி, நீங்க வாசலைப் பாருங்க. நாங்க எதையும் தூக்கிட்டுப் போயிட மாட்டோம்.

வழிகாட்டி: சரிங்கம்மா. பழைய துணி... கொஞ்சம் மெதுவா.

அத்தை: ...கேக்குதா?

மருமகள்: நல்லாக் கேக்குது. உங்க முகம்தான் தெரியல.

அத்தை: அதுவும் நல்லதுதான். இழு.

மருமகள்: காத்து வருதா துரைசாணி?

அத்தை: வருது, வருது. அந்தத் தம்பி நல்லாப் பேசுறான்ல? ஏன் பங்கா நின்னுருச்சு?

மருமகள்: கை மாத்தினேன்.

அத்தை: அவன் சட்டைக் காலர் நைஞ்சு போயிருக்கு. சொல்ல ஆள் இல்ல போல. அட, அதுக்கு ஏன் இவ்வளவு வேகம்? துணி கிழிஞ்சா அவன் வேலைக்கு உலை வெச்சிடுவே.

மருமகள்: அத்தை... ஒண்ணு சொல்லணும்.

அத்தை: சொல்லு. நான் இல்லன்னு நினைச்சுக்க. சுவத்துக்கிட்டச் சொல்லு.

மருமகள்: அவரு... எங்க பல் ஆஸ்பத்திரிக்கு வந்தவரு.

அத்தை: பல்லுல ஒண்ணுமே இல்லாம மூணு தடவை வந்து வாயைத் திறந்து காட்டினானே, அவனா?

மருமகள்: உங்களுக்கு எப்படி...

அத்தை: நீதானே சொன்னே. துரை வீட்டுல வேலை பார்க்கிறவன்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னே. அப்புறம் திடீர்னு அந்தக் கதையை விட்டுட்டே. நீ சொல்றதை நிறுத்தினதும்தான் எனக்கு உறைச்சுது.

மருமகள்: நான் இன்னும் சரின்னு சொல்லல அத்தை. உங்க பிள்ளை தவறிப்போனப்ப எங்க அம்மா வந்து கூப்பிட்டாங்க, நான் போகல. இப்பவும் உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா இதோட விட்டுடுறேன். சத்தியமா...

அத்தை: இழு.

மருமகள்: என்ன?

அத்தை: இழுத்துக்கிட்டே இரு. கண்ணுல தூசி.

மருமகள்: அழுறீங்களா?

அத்தை: துரைசாணி அழுதா வெளியில தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவு தடிமனாச் சுவர் கட்டியிருக்கான். நீ இழு.

மருமகள்: இழுத்துக்கிட்டுதான் இருக்கேன் அத்தை. ஏதாவது பேசுங்களேன். பயமா இருக்கு.

அத்தை: என் பிள்ளை படம் மாட்டின இடத்துலயே இருக்கணும்.

மருமகள்: இருக்கும் அத்தை. அதை யாரும் தொட விட மாட்டேன்.

அத்தை: அவனும் அதையேதான் சொன்னான்.

மருமகள்: யாரு?... யாரு சொன்னது அத்தை?

அத்தை: போர்வையெல்லாம் ஒண்ணும் பிழியல கண்ணு. போன வாரம் நீ வேலைக்குக் கிளம்பினதும் நான் இங்க வந்தேன். அவனை இதே நாற்காலியில உக்கார வெச்சுட்டு, நீ நிக்கிற இடத்துல நின்னு நான் இழுத்தேன். நம்ம வீட்டுல வந்து இருப்பியாப்பான்னு கேட்டேன். பாவம், அவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள தோள் விட்டுப்போச்சு எனக்கு. அப்புறம்தான் இருக்கேம்மான்னான். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் வாயைக் கட்டினேன். அவன் வர்றான். நீ எங்கயும் போகல, நானும் எங்கயும் போகல. காலையில ஒரு நாற்காலியில இருந்த துணியை எடுத்து மடிச்சு வெச்சிருக்கேன், நீ கவனிக்கவே இல்ல. இனி நீ சரின்னு சொல்றதுதான் பாக்கி. கயித்தை விட்டுட்டு உள்ளே வா.