எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட

போலீஸுக்கு ஆள் எடுக்கும்போது மார்பு அளப்பார்கள். மூச்சை இழுத்தால் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். நான் இழுத்த இழுப்பில் டேப் பிடித்தவரின் தொப்பி என் பக்கம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இருந்தது. தகுதியில் குறை சொல்ல முடியாது, ஐயா.

கடமைதான் எதிலும் எழுதியிருக்காது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திராவை ஒட்டிய எங்கள் ஸ்டேஷனில் முதல் கடமை எல்லையைத் தெரிந்துவைத்திருப்பது. ரோட்டோரம் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று. அதற்குத் தெற்கே பிணம் கிடந்தால் எங்கள் கேஸ், வடக்கே கிடந்தால் அவர்கள் கேஸ். கல்லுக்குக் கிட்டத்தில் கிடப்பதை நகர்த்திவிடுவோம். அவர்களும் நகர்த்துவார்கள். ஒரு பிணம் ஒரே நாளில் நான்கு முறை மாநிலம் விட்டு மாநிலம் போனது. உயிரோடு இருந்தபோது அது சூளூர்ப்பேட்டையைக்கூடப் பார்த்திருக்காது.

2004 மே மாதம், பகல் இரண்டு மணி. இரும்பாலை ஷிப்ட் முடித்து சைக்கிளில் வந்தவரை லாரி ஒன்று தட்டிவிட்டுப் போயிருந்தது. சட்டையில் இருந்த கேட் பாஸில் சின்னராசு என்று பெயர். கிடந்தது கல்லிலிருந்து எங்கள் பக்கம் பன்னிரண்டு அடி. மறுநாள் என் மகள் ஹெலனுக்கு நிச்சயதார்த்தம். கேஸ் விழுந்தால் லீவு ரத்து.

நான் தோளைப் பிடித்தேன். கான்ஸ்டபிள் அருணாச்சலம் காலைப் பிடித்தவர் விட்டுவிட்டார்.

"ஏட்டையா, உசிரு கீது."

"தெரியும். நீ புடி" என்றேன்.

பாதி வழியில் சின்னராசு கண்ணைத் திறந்தார். "எங்கண்ணா தூக்கினு போறீங்க? ஆசுபத்திரி அந்தாண்ட இல்லியே" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரி தெற்கே, எங்கள் ஜீப்பில் பதினைந்து நிமிஷம். ஆனால் அங்கே கொண்டுபோனாலும் கேஸ் எங்களுடையதாகிவிடும்.

அவரைக் கல்லுக்கு வடக்கே கிடத்தினோம். அருணாச்சலம் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போன் போடப் போனார். அவர்கள் வர மூன்று மணி நேரம் ஆனது. நான் கல்லை ஒட்டி, எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெயில் படாமல் சின்னராசு முகத்தின் மேல் என் தொப்பியை வைத்தேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். பெண்சாதி கன்னியம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

பிணம் என்று நினைத்துத் தூக்கினோம் என்று அன்று எழுதிக் கொடுத்தது பொய். அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி அவரிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நாலரை மணி இருக்கும், அவர் கை மெதுவாக நீண்டு கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, என் முழங்காலைப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்து, அந்தப் பக்கமே வைத்தேன்.