பழுப்பு அடித்த வெள்ளைத் தாள்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, எங்கள் தாமதத்தையெல்லாம் தயவோடு பொறுத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! அறம் தவறாமல் தொழில் செய்கிறோம் என்று அட்டையில் அச்சடித்து, அதைச் சட்டையில் குத்திக்கொண்டு முன்வரிசையை அலங்கரிக்கும் நிறுவனத்தாரே! வண்ணத்தைக் குழைத்து, வாங்குவோர் எண்ணத்தைக் கலைக்கும் வடிவமைப்பாளர்களே! இவர்களுக்கெல்லாம் முன்னால் பிறந்தும் இவர்களுக்கெல்லாம் பின்னால் உட்காரவைக்கப்பட்டிருக்கும் பெரியோர்களே! மடியில் தூங்கும் பிள்ளையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, இந்த அம்மா எப்போது முடிப்பாள் என்று பெருமூச்சு விடும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாணயமான நிறுவனங்களுக்கென்று சுற்றுச்சூழல் செய்திகளைச் சுமந்து மாதம் ஒருமுறை வருகிறதே ஒரு பத்திரிகை, அதன் ஆசிரியை நான். இன்றைய பசுமை விருதின் நடுவர்கள் மூவரில் ஒருத்தியும் நான். விருது யாருக்கு? அதோ, முன்வரிசையில் மாலையைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாரே, சோப்பு நிறுவனத்தின் முதலாளி, அவருக்கு! எதற்கு? சோப்புக்கா? இல்லை ஐயா, சோப்பைச் சுற்றியிருக்கும் தாளுக்கு! மற்ற இரண்டு நடுவர்களும் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாவது கையெழுத்து விழுந்தால்தான் பட்டயம் செல்லும். அது விழுவதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாலுக்கு மேலேயே பேசுகிறேன்.

முதலில் உங்கள் சட்டையில் தொங்கும் அட்டையைப் பாருங்கள். விதை கலந்த தாளாம்! மண்ணில் நட்டால் பூச்செடி முளைக்குமாம்! அருமை! ஆனால் வியர்வை பட்டால் எழுத்து கலைந்துவிடுமே என்று கவலைப்பட்டார் ஒரு கருணையாளர். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஓரங்களை அழுத்தி மூடிவிட்டார். உள்ளே விதை, வெளியே சிறை! முளைக்கட்டும் பார்ப்போம்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதைக் கேட்டால் சிரிப்பு வராது.

இந்தச் சோப்பு முன்பு எப்படி வந்தது? வெறும் வெள்ளைத் தாள். அதன்மேல் நீல எழுத்தில் பெயர். அவ்வளவுதான். பிரித்தோம், குளித்தோம், போனோம். ஒருநாள் அந்த நிறுவனத்தில் கூட்டம் போட்டார்கள். குளிரூட்டிய அறை, நீள மேசை, சுவரில் பசுமைக் காடு படம். வடிவமைப்பாளர் எழுந்து சொன்னாராம்: "சார், வெள்ளையைப் பார்த்தா ஜனங்களுக்கு ஃபாக்டரி ஞாபகம் வருது. பழுப்பா, சொரசொரன்னு, நார் தெரியற மாதிரி இருந்தாத்தான் இயற்கைன்னு நம்புவாங்க." சரி, அப்படியானால் பழுப்புத் தாள் வாங்கவேண்டியதுதானே? வாங்கிப் பார்த்தார்கள். அது இயந்திரத்தில் மடிந்தது, கிழிந்தது, படுத்தி எடுத்தது. என்ன செய்தார்கள் தெரியுமா, தாய்மார்களே? பழைய வெள்ளைத் தாளையே எடுத்தார்கள். அதன்மேல் ஒரு மூலை விடாமல் பழுப்பு மையை அடித்தார்கள்! இயற்கையின் நிறத்தைச் செயற்கை மையால் பூசினார்கள்! நார் எங்கே? அதையும் கணினியில் வரைந்தார்கள்! நார்த் துணுக்குபோலத் தெரிய முந்நூற்றுப் பதினாறு புள்ளிகளாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக வரைந்ததாம். பூசி மெழுகுவது என்று நாம் பேச்சுக்குத்தான் சொல்வோம். இவர்கள் அதற்கு இயந்திரமே வைத்திருந்தார்கள்!

அந்த இயந்திரத்தை ஓட்டியவர் ஒரு மனிதர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். "மேடையில என் பேரை இழுக்காதீங்கம்மா, சோறு போட்ட இடம்" என்று கேட்டுக்கொண்டார். நிறுவனத்தின் அச்சகத்தில் எல்லோரும் அவரை மெஷின் அண்ணன் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் அதே இயந்திரம், அதே முக்காலி. உருளை சுழலும் சத்தத்தை வைத்தே மை கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். வெறும் பெயரை மட்டும் அடித்த காலத்தில், உருளைகளைக் கழுவினால் தினம் ஒரு வாளிக் கழிவு. அதை மூடி வைப்பார்கள், வாரம் ஒரு லாரி வந்து எடுத்துப்போகும். தாள் முழுக்கப் பழுப்பு அடிக்கத் தொடங்கியபின் எவ்வளவு தெரியுமா? ஒன்பது வாளி! தினமும் ஒன்பது வாளி! லாரி வாரம் ஒன்றுதான். மிச்சம் எங்கே போயிற்று? அச்சகத்தின் பின்கதவைத் திறந்தால் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலை ஒட்டி அச்சகத் தொழிலாளிகளின் வீடுகள். அந்த வீடுகளுக்கு ஒரே ஒரு அடிகுழாய். இதற்கு மேல் நான் விளக்கவேண்டுமா?

அங்கே யாரோ "முதலாளிக்குத் தெரியாமல் நடந்திருக்கும்" என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு! நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். கேளுங்கள் கதையை.

அந்த நிறுவனத்தில் யோசனைப் பெட்டி ஒன்று உண்டு. பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டி. பூமியைக் காக்க உங்கள் யோசனையைப் போடுங்கள் என்று எழுதியிருக்கும். மெஷின் அண்ணன் அதை நம்பினார்! அவர் செய்த ஒரே தப்பு அதுதான். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் போட்டார்: "ஐயா, தாளை வெள்ளையாவே விட்டுடலாம். மையும் மிச்சம், தண்ணியும் மிச்சம். பேர் மட்டும் போதும்." எவ்வளவு எளிய வார்த்தை! நானும் என் பத்திரிகையும் ஆறு வருடமாக எழுதித் தள்ளிய எத்தனையோ பக்கங்களில் இந்த மூன்று வரிக்கு ஈடாக ஒன்று உண்டா? பத்தாம் நாள் பதில் வந்தது, முதலாளியின் கையெழுத்தோடு! நிறுவனத்தின் பசுமை நோக்கத்தோடு ஒத்துப்போகாத மனப்பான்மை உடையவர் என்று சொல்லி, அவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். பசுமைக்காக வழி சொன்னவனைப் பசுமையின் பெயராலேயே வெளியே தள்ளினார்கள்! வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்த விரல் கூசியிருக்காதா?

இவ்வளவு பேசுகிறாயே, அப்போது நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள். கேளுங்கள், எனக்கும் கிடைக்கவேண்டியது கிடைக்கட்டும். அதே மாதம் நான் அந்தத் தாளைப் புகழ்ந்து எழுதினேன்! அட்டைப் படத்தோடு! தலைப்பு என்ன தெரியுமா? 'இயற்கை உடுத்திய இளம்பழுப்பு.' அச்சகத்தைப் பார்த்தேனா? இல்லை. தாளைத் தொட்டேனா? அதுவும் இல்லை. நிறுவனம் அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பை அழகாக்கிப் போட்டேன். அடுத்தவர் கண்ணில் மண்ணைத் தூவ என் பத்திரிகையே முறம் பிடித்தது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

பத்திரிகை வெளிவந்த நாலாம் நாள் காலையில் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மெஷின் அண்ணனின் மனைவி. மேசையில் பத்திரிகையை விரித்து வைத்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. அவங்க அனுப்பினதை வெச்சு எழுதினேன்."

"எங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரேம்மா. வாங்க, எங்க குழாய்த் தண்ணியை வந்து பாருங்க. குடத்துல மேலாக்க எண்ணெய் மாதிரி மினுக்குது. குடிச்சுப் பாத்துட்டு அதையும் எழுதுங்க."

போனேன். பார்த்தேன். குடிக்கத் துணிவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதாரம் எங்கே என்று அந்த மூலையிலிருந்து ஒரு குரல். ஆகா! ஆதாரம் உங்கள் மடியிலேயே இருக்கிறது, ஐயா! வரும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்களே, அதில் ஒரு சோப்பு இருக்கும். எடுங்கள். உறையைப் பிரிக்கவேண்டாம், கிழியுங்கள்! கிழிந்த ஓரத்தைப் பாருங்கள்! கேட்கிறதா இந்தச் சத்தம்? கூடம் முழுக்கத் தாள் கிழிகிறது, தலைவர் அவர்களே! என்ன நிறம் தெரிகிறது? சத்தமாகச் சொல்லுங்கள்! வெள்ளை! பழுப்புக்குப் பின்னால் பால்போல வெள்ளை! இதற்கா விருது? இந்தப் பூச்சுக்கா பட்டயம்? என் கையெழுத்தை இதில் போடுவதைவிட என் பேனாவை முறித்துப் போடுவேன்!

இனி நிறுவனத்தாருக்கு ஒரு வார்த்தை. நல்லது செய்யுங்கள், அது உங்களால் ஆகாதென்றால் உள்ளதைச் சொல்லுங்கள். வெள்ளைத் தாள் கேவலமா? உழைப்பவன் உண்மையைச் சொன்னால் குற்றமா? நல்ல வடிவமைப்பு என்பது என்ன? வேண்டாததை விடுவதுதானே! அதை அச்சகத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் கண்டுபிடித்தார். குளிரூட்டிய அறையில் இருந்தவர்கள் முந்நூற்றுப் பதினாறு புள்ளி வரைந்தார்கள்!

முதலாளி அவர்கள் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஐயா. "இதெல்லாம் உள்ளே உக்காந்து பேசிக்கலாமேம்மா" என்கிறார். உள்ளே பேசிப் பேசித்தானே ஐயா இது இந்த அளவுக்கு வந்தது? இங்கேயே சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். மெஷின் அண்ணனுக்கு வேலை உண்டா, இல்லையா?

"சரி, நாளைக்கே வரச் சொல்லுங்க" என்கிறார்! கை தட்டுகிறீர்கள். எனக்கும் கை தட்டத்தான் தோன்றுகிறது.

பொறுங்கள், பொறுங்கள். தாய்மார்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்திருக்கிறார். அவர்தான், மெஷின் அண்ணனின் மனைவி. கைதட்டலை நிறுத்துங்கள், அவர் ஏதோ கேட்கிறார்.

"வந்து எதை அடிக்கணுங்க? பேரை மட்டுமா, பழுப்பையும் சேத்தா?"

கேட்டதா எல்லோருக்கும்? முதலாளி அவர்களே, உங்களுக்குக் கேட்டதா? நான் இத்தனை நேரம் முழங்கியதை அந்த அம்மா ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். பழுப்பையும் சேர்த்து அடிக்கவேண்டுமென்றால் அவர் கணவர் வரமாட்டார். வேலை இல்லாமல் இருந்தாலும் இருப்பார், தன் தெருக் குழாயில் தன் கையால் மையைக் கலக்கமாட்டார். ஒலிபெருக்கியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன், ஐயா. ஏன் தலைவரைப் பார்க்கிறீர்கள்? கேள்வி உங்களுக்கு. அவசரம் இல்லை, யோசித்தே சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லும்வரை அந்த அம்மா உட்காரப் போவதில்லை.

இதுவரை பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. நின்றுகொண்டிருக்கும் அந்தத் தாய்க்கு என் வணக்கம்.