இது எந்தக் கரை?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். நள்ளிரவு கடந்திருந்தது. கென்டக்கியின் ஆற்றோரப் பாசறையிலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் ஆளற்ற பாதையில், காவல் முறைக்காரர் மூவர் தீயைச் சுற்றி நெருங்கி அமர்ந்திருந்தனர். மூவரும் கறுப்பர், வடக்குப் படையின் நீலச் சட்டையைப் போட்டு ஒரு மாதம்கூட ஆகாதவர்கள். எதிர்க்கரையில், அடிமைகள் இல்லாத ஓஹையோ மாநிலம் இருளாகக் கிடந்தது.

டெம்ப்ஸி தீயையே முறைத்துக்கொண்டிருந்தார். படைவீரர்களின் துணி வெளுத்துக்கொண்டு உடன் தங்கியிருந்த அவருடைய மனைவி ஹெஸ்தரை, அன்று பிற்பகல் பாசறையிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். படையில் சேர்ந்ததால் டெம்ப்ஸிக்கு விடுதலை கிடைத்தது, மனைவிக்குக் கிடைக்கவில்லை. போரில் வடக்கோடு நின்ற மாநிலம் என்பதால், கென்டக்கியில் அடிமைமுறை இன்னும் சட்டப்படி செல்லும். அதிகாரி அதை மிகவும் பண்போடுதான் எடுத்துரைத்தார். சவுக்கார நுரை காயாத கைகளோடு, காலில் செருப்பின்றி, ஹெஸ்தர் உறைபனியில் நடந்து போனார்.

"எதாச்சும் சொல்லு எலாம். இல்லன்னா இவன் மொறைச்சே தீய அணைச்சிடுவான்" என்றார், சோளரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த பூன்.

"கதையெல்லாம் தெரியாது. நடந்தத வேணா சொல்றேன்..." எலாம் குரலைத் தாழ்த்தினார். "என் கூட்டாளியோட சித்தப்பா, ஆஷர்னு பேரு. இதே ஆத்துலதான்..."

ஆஷர் அடிமையல்லாத கறுப்பர். வெள்ளையரான ஹாலிஸ் சகோதரர்களின் படகோட்டி. தென்கரைத் துறை அண்ணன் ஜோயலுக்கு, வடகரைத் துறை தம்பி மைகாவுக்கு. படகு பொது. அடிமை வைத்திருப்பது உரிமை என்பார் அண்ணன். பாவம் என்பார் தம்பி.

"ஞாயித்துக்கெழம ஆனா வறுத்த கோழிய நடுவுல வச்சிக்கிட்டு அடிச்சிப்பாங்க. அத வறுத்துப்போட்ட வைனி பின்னாடியே நிப்பா. ஜோயலோட அடிமை. அவளப் பத்திதான் சண்டையே... அவள ஒரு வார்த்த கேட்டதில்ல."

போருக்கு முன் ஓரிரவு, தப்பிப் போக வைனி படகில் ஏறினார். ஆஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடுப்பு வலித்தார். கரை தட்டியதும் வைனி கேட்டார்: "அண்ணே, இது எந்தக் கரை?"

"ஓஹையோம்மா. இனிமே ஒன்ன யாரும் தொட முடியாது."

ஆனால், வடக்கே தப்பி வந்தவர்களையும் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், கண்டவர் எவரும் உதவ வேண்டும் என்று புதிதாகச் சட்டம் பிறந்திருந்தது. விடிவதற்குள் ஜோயல் ஆட்களோடு வந்துவிட்டார். அவர்களுக்கு விளக்குப் பிடித்தவர், பாவம் என்று சொன்ன மைகா.

"'பாவந்தான்... இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல'ன்னாராம்." எலாம் தீயில் காறித் துப்பினார். "ஆஷர் நெத்தியில துப்பாக்கிய வச்சு, வலிடான்னாங்க. நடு ஆத்துல வைனி எந்திரிச்சா. கட்டுன கையோட... தொபுக்குனு ஒரு சத்தம். அப்புறம் தண்ணி மூடிக்கிச்சு."

மறுநாள் இருட்டியபின், தென்கரையிலிருந்து ஒரு கூப்பாடு. 'படகு... ஏ, படகு...' ஆஷர் போனார். துறையில் ஒருவருமில்லை. சேற்று வாடை, அதனூடே கோழி வறுத்த வாடை. படகு ஒரு சாண் தாழ்ந்தது...

"திரும்பிப் பாக்காம வலிச்சாரு. வடகரை தட்டுச்சு. படகு எழும்பல. 'எறங்கும்மா, கரை வந்துருச்சு'ன்னாரு. காதுக்குப் பின்னாடி... 'இது எந்தக் கரை?'"

பூனின் ரொட்டி கருகியது. அவர் கவனிக்கவில்லை.

"'ஓ... ஓஹையோ'ன்னாரு. 'அன்னிக்கும் அதத்தானண்ணே சொன்னீங்க?'"

"எறங்குனாளா?" என்றார் பூன்.

"எங்க எறங்குறது? இப்ப அண்ணங்காரன் தெக்குப் படையோட சாம்பல் சட்டை, தம்பிக்காரன் நம்ம நீலச் சட்டை. ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்கிறானுங்க. நாடே ரெண்டா பொளந்துபோச்சேன்னு ஊரெல்லாம் ஒப்பாரி. யாருக்காகப் பொளந்துச்சோ, அவ கால் வைக்க ஒரு சாண் கரை இல்ல!"

டெம்ப்ஸி முதன்முறையாக வாய் திறந்தார். "துப்பாக்கி தூக்குற கைக்குத்தான் விடுதலையாம். துணி வெளுக்குற கைக்குக் கெடையாதாம். அந்த அதிகாரி தொப்பியக் கழட்டிட்டுச் சொன்னான், எலாம். தொப்பியக் கழட்டிட்டு..."

ஆற்றிலிருந்து குரல் வந்தது.

"படகு... ஏ, படகு..."

"வெளையாடாத, எலாம்" என்றார் பூன்.

எலாமின் உதடுகள் அசையவில்லை.

கீழே, துறையில் கட்டியிருந்த படையின் வெற்றுப் படகு கிறீச்சிட்டது. கயிறு விறைத்தது. காற்று இல்லை, அலையும் இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, படகு மெல்ல... ஒரு சாண் தாழ்ந்தது.

டெம்ப்ஸி எழுந்து இறங்கினார். மற்ற இருவரும் தடுக்கவில்லை. நீரோரம் அவர் நின்றதும், மிக அருகில், களைத்த பெண்குரல் ஒன்று கேட்டது:

"இது எந்தக் கரைங்க?"

டெம்ப்ஸி தான் நின்ற கரையைப் பார்த்தார், எதிர்க்கரையைப் பார்த்தார்.

சேற்று வாடை எழுந்தது. கோழி வறுத்த வாடை அதில் இல்லை.

சவுக்கார வாடை இருந்தது.