இடது பக்கத்து விரிசல்

29.8.2025, வெள்ளி.

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு தவறு. பாரூக் அண்ணன் வாடகைக் காரின் முன்கண்ணாடியில் விரிசல் ஓட்டுநர் பக்கம் என்று எழுதிவிட்டேன். அது இடது பக்கம். காருக்கு எதிரே நின்று பார்த்ததால் திசை மாறிவிட்டது. இதில்கூடத் தப்பு செய்கிறவள் தட்டச்சுத் தேர்வில் எப்படித் தேறுவேனோ.

நாளை தேர்வு, வத்தலக்குண்டில். பழகிய தட்டச்சு மிஷினை நாங்களே கொண்டுபோக வேண்டும். அந்தக் கனத்தைப் பேருந்தில் ஏற்ற முடியாது. அதனால் அவர் கார். ஏற்பாடு செய்தது நான்தான். போன முறை நான் தேறவில்லை. இந்த முறையும் தேறாவிட்டால் வேடசந்தூர் மில் அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிடும். சொல்லிவிட்டார்கள். ஆகவே கார் ஓட வேண்டும். விரிசலோடு அது சாலையில் ஓடத் தகுதியானதா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இன்று மாலை தட்டச்சு வகுப்பில் தப்ரேஸிடம் கேட்டேன். பாரூக் அண்ணன் அவன் அக்காவின் கணவர். பதில் சொல்ல வாயெடுத்தான், மின்சாரம் போய்விட்டது. கௌசல்யா, கிளாரா, நான், தப்ரேஸ் என்று நாளை தேர்வெழுதும் நான்கு பேரும் ஒரே மேசையில் நெருங்கி உட்கார்ந்தோம். நடுவில் கிளாராவின் செல்போன் வெளிச்சம்.

"வண்டி ஓடும் தமிழு," என்றான் தப்ரேஸ் என்னிடம். "அந்த விரிசல் எப்புடி விழுந்துச்சுங்கிறதுதான்..."

நிறுத்திவிட்டான்.

"ஏலே, சொல்லு. இல்லேன்னா வாயத் தொறந்திருக்கக் கூடாது," என்றாள் கௌசல்யா.

அவன் சொன்னதை முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. பொழுது சாய்ந்து இருட்டுக் கூடும் நேரம். வத்தலக்குண்டில் சவாரியை இறக்கிவிட்டு, பாரூக் அண்ணன் தனியாகச் செம்பட்டிப் பக்கம் வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. முன்னால் வண்டி இல்லை. எதிரிலும் இல்லை... ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. சடக்கென்று பிரேக்.

ஆடு தப்பித்தது.

இடது பக்கம் ஒரு சத்தம். கல் பட்டால் 'டக்' என்று கேட்கும். இது 'டொப்'. தேங்காயைத் தலையணைக்குள் வைத்துச் சுவரில் மோதியது போல.

உள்விளக்கைப் போட்டார். இடது இருக்கைக்கு நேரே, கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு நொறுங்கல். அதிலிருந்து ஒரு கோடு மேலே ஓடியிருந்தது. இறங்கி, பானெட்டின் மேல் கல்லைத் தேடினார். கல் இல்லை. திரும்ப உள்ளே உட்கார்ந்தபோது ஒரு வாசம். விளக்கெண்ணெய். பல நாள் அலசாத தலையில் ஊறிய விளக்கெண்ணெய்...

"ஒங்க மச்சானோட தலையா இருக்கும்," என்றாள் கௌசல்யா.

"அவருக்கு ஏது முடி?" என்றான் தப்ரேஸ். கிளாரா சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.

வண்டிக்கு எஃப்.சி. காட்டும் நாள் நெருங்கியிருந்தது. வாடகை வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் பார்த்துக் கொடுக்கும் சான்று அது. அது இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. நேற்றுக் காலை பாரூக் அண்ணன் கார்க் கண்ணாடிக் கடை முருகேசனிடம் போனார். அவர் விரிசலைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"சின்னப் பொட்டுன்னா பசை ஊத்தி அடைச்சிரலாம்ணே. இது ஓடிருச்சு. எஃப்.சி.ல நிக்காது, மாத்திருங்க."

சொல்லிக்கொண்டே வெளிப்பக்கம் நகத்தால் இழுத்தார். வழவழவென்று போனது. உள்ளே வந்து இழுத்தார். நகம் சிக்கியது. உடைந்தது உள்பக்கம்; அடி உள்ளேயிருந்து.

"பக்கத்துல ஒக்காந்திருந்தவங்களுக்கு அடி பலமாண்ணே?"

"யாரும் இல்லப்பா. நான் மட்டுந்தான்."

 முருகேசன் விரிசலிலிருந்து எதையோ இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஒரு முடி. நரைத்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது... ஒரு முழ நீளம். அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடி ஒக்கார்றவங்கள பெல்ட் போடச் சொல்லுங்கண்ணே. மொதல்ல இந்தக் கிளிப்பக் கழட்டுங்க. எஃப்.சி.ல பாத்தாங்கன்னா வம்பு."

அந்தக் கிளிப்பைப் பல ஓட்டுநர்கள் வைத்திருக்கிறார்கள். பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாகக் கடையில் கிடைக்கும். முன்னிருக்கையில் பை வைத்தாலே, பெல்ட் போடச் சொல்லி வண்டி 'பீப் பீப்' என்று கத்தும். நாக்கைச் செருகிவிட்டால் கத்தாது. பாரூக் அண்ணன் வண்டி வாங்கிய புதிதிலேயே செருகிவிட்டார்.

நேற்று அதைப் பிடுங்கினார். புதுக் கண்ணாடியோடு கடையிலிருந்து கிளம்பினார்.

பீப். பீப். பீப்.

இடது இருக்கைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. இருக்கையில் ஒரு துண்டு கிடந்தது. எடுத்துப் பின்னால் போட்டார். பீப். பீப். வெறும் இருக்கையைக் கையால் தட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தாராம். கை போகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி மறுபக்கம் போய், இடது பக்க பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

சத்தம் நின்றது.

"சென்சார் கோளாறா இருக்கும்," என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"இருக்கும் தமிழு. ஆனா மச்சான் ஒண்ணு கேட்டாரு... கிளிப்பு இருந்த வரைக்கும் வண்டி கத்தல. அப்ப அது எம்புட்டு நாளா அங்க ஒக்காந்திருக்கு?"



"பரிச்சைக்கு மொத நாளு இதச் சொல்றியே, நீ மட்டும் பாஸாகணும்னா?" என்று கௌசல்யா அவன் தோளில் அடித்தாள். 

அப்போது வாசலில் ஹாரன். மிஷின்களை இன்றே ஏற்றி வைக்க பாரூக் அண்ணன் வந்திருந்தார். டிக்கியில் ஏற்றினோம். கண்ணாடி புதிது; ஒரு கீறல் இல்லை.

"அண்ணே, இனி ஓட்டலாமா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதை இரண்டு நாள் கழித்துக் கேட்டேன்.

"பக்காம்மா. காலைல எஃப்.சி. கெடச்சிருச்சு. பயப்படாதீங்க." கொஞ்சம் தயங்கினார். "நாலு பேரும் பின்னாடியே ஒக்காந்துக்கங்க."

"நாலு பேருமா? நாங்க என்ன ஆட்டுக்குட்டியாண்ணே?" என்று கௌசல்யா கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

கிளாராவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இடது பக்கக் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றக் கை நீட்டினாள்.

"கழட்டாதம்மா!" அவர் போட்ட சத்தத்தில் தெரு நாய் ஒன்று எழுந்து ஓடியது.

கிளாரா கையை எடுத்துவிட்டாள். ஆனால் கதவை மூடவில்லை. செல்போன் வெளிச்சத்தில் நானும் குனிந்து பார்த்தேன். காலி இருக்கையில் மாட்டிய பெல்ட் இருக்கையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இது ஒட்டவில்லை. ஒரு சாண் முன்னால், வளைந்து நின்றது. எதையும் தொடாமல்.

அது மெல்ல முன்னே வந்தது. மெல்லப் பின்னே போனது. திரும்பவும் முன்னே வந்தது... தூங்குகிறவரின் மார்பு போல.

கிளாரா ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.

மிஷின்களை இறக்கி ஏற்ற வேறு வண்டி தேடினோம். முகூர்த்த நாளாம், எல்லா வண்டிகளும் சவாரிக்குப் போய்விட்டன.

நாளைக்கு: ஹால் டிக்கெட், புது ரிப்பன் எடுத்து வைக்க வேண்டும். நான்கு பேரும் பின்னிருக்கையில் உட்கார வேண்டும். வழியில் எங்கேயும் சடக்கென்று பிரேக் போட வேண்டாம் என்று பாரூக் அண்ணனிடம் சொல்ல வேண்டும்.