கல்யாணச் சேலையில் லில்லிக் கறை

பிரியாணி வாசம் உங்களுக்கு மட்டுமா வருது? எனக்கும்தான் வருது... மேடையில இருக்கிற மாப்பிள்ளை, பொண்ணுக்காக ஒரே ஒரு குட்டிக் கதை, கேட்டுட்டு எழுந்திரிங்க.

பாளையங்கோட்டையில ஒரு கல்யாணம். பொண்ணு பேரு பியூலா. மாப்பிள்ளையோட அம்மா எப்சிபா, பூ அலங்காரத்துல கெட்டிக்காரி. மருமகளுக்குப் பொக்கே என் கையாலதான்னு ஒரே பிடிவாதம்! வெள்ளை லில்லி, நடுவுல ரெண்டு ரோஜா... முந்தின நாளே கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. கொடுக்கும்போது பொண்ணோட அம்மா ஞானத்துக்கிட்ட சொன்னாங்க:

"மதினி, இந்த மொட்டெல்லாம் காலையில விரியும். உள்ள பழுப்பா மகரந்தக் காம்பு நிக்கும். மறக்காமக் கிள்ளிருங்க. சேலையில பட்டா கறை."

காலையில பூ விரிஞ்சுது... அடேயப்பா, என்ன அழகு! ஞானத்துக்குக் கிள்ள மனசு வரலை. விட்டுட்டாங்க.

கோயில் வாசல். மணி அடிக்குது... பியூலா பொக்கேயை நெஞ்சோட அணைச்சா. வெள்ளைப் பட்டுல உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சக் கறை! பொண்ணு அழறா. ஞானம் கைக்குட்டையை நனைச்சுக்கிட்டு ஓடி வர்றாங்க. அந்த நேரம் பார்த்து யாரு வந்தா? மாமியார்!

"கை வைக்காதீங்க!"

எல்லாரும் நினைச்சாங்க: போச்சு, சண்டைதான்! எப்சிபா கேட்டாங்க: "பரிசுப் பொட்டலம் ஒட்டுற டேப் இருக்கா?"

ஒட்டினாங்க... எடுத்தாங்க. ஒட்டினாங்க... எடுத்தாங்க. உள்ள ஒரு பாட்டு முடிஞ்சு ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சாச்சு.

ஞானம் கேவிக்கிட்டே, "நான்தான் மதினி கிள்ளாம விட்டுட்டேன்..."

"அந்த அழகைப் பார்த்தா எனக்கும்தான் மனசு வராது மதினி. ஏட்டி பியூலா, அழாத, கண்மை கலையுது!"

ஏன் கை வைக்காதீங்கன்னாங்க? அந்த மகரந்தத் தூளை ஈரத்தைப் போட்டுத் தேய்ச்சா நூலுக்குள்ள இறங்கிரும். அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. அது பூக்காரங்களுக்குத் தெரியும். ஆனா "நான் அப்பவே சொன்னேனே!"ன்னு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்குமே... வந்திருக்குமா, இல்லையா? அதை முழுங்கினாங்க பாருங்க, அங்கதான் அந்தம்மாவை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

மாப்பிள்ளை, பொண்ணு, இங்க பாருங்க. உங்க வீட்டுலயும் தப்பு நடக்கும். உப்பு கூடும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்துபோகும்... அன்னைக்கு "நான் அப்பவே சொன்னேனே"ன்னு தேய்க்காதீங்க. தேய்ச்சா உள்ள இறங்கிரும்! மெல்ல ஒத்தி எடுங்க.

கொஞ்சம் மஞ்சள் மிஞ்சத்தான் செய்யும். பியூலா சேலையிலயும் மிஞ்சுச்சு. அதோடயே உள்ள நடந்தா... ஒரு கையில அப்பா கை, மறு கையில மாமியார் கை.